வீட்டில் தைத்த ரெயின்கோட் ஏன் ஒழுகுகிறது?

ஐப்பசி பிறந்தால் சென்னையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ரெயின்கோட் இல்லாமல் ஆகாது. கடையில் வாங்கியதைப் போட்டுக்கொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்தால் மணிக்கட்டு வெளியே நிற்கும், முதுகுப் பக்கம் மேலே ஏறும். அதனால் சொந்த அளவுக்குத் தைத்துக்கொள்ள நினைப்பது நியாயம்தான். ஆனால் தைத்த கோட்டு ஒழுகினால் எல்லோரும் துணியைத்தான் திட்டுகிறார்கள். உண்மையில் தண்ணீர் உள்ளே வருவது பெரும்பாலும் ஊசி போட்ட ஓட்டை வழியாகத்தான்.

துணியிலும் ஏமாற இடம் உண்டு. கோடவுன் தெருவிலோ சௌகார்பேட்டையிலோ ‘பாராசூட் துணி’ என்று கேட்டால் எடுத்துப் போடுவது எல்லாமே மழைக்கு ஆகிவிடாது. மேலே தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் போதும் என்று நினைப்பது முதல் தவறு. அது மேல்பூச்சின் வேலை; நாலு முறை துவைத்தால் போய்விடும். பின்பக்கம் பி.யூ. (பாலியூரிதேன்) என்ற பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். துணியை வாயோடு அழுத்தி வைத்து ஊதினால் காற்று போகக்கூடாது. லேபிளில் நீர்த்தாங்கு அளவு (எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி ஒழுகாமல் தாங்கும் என்பது) மி.மீ. கணக்கில் போட்டிருந்தால், வண்டிக்கு 3,000-க்குக் கீழே வேண்டாம். ஈர சீட்டில் உட்காரும்போது உடல் எடை தண்ணீரைத் துணிக்குள் தள்ளும் என்பதால் பேண்ட்டுக்கு 5,000 இருந்தால் நல்லது. பி.வி.சி. துணி விலை குறைவு, தண்ணீர் விடாது. ஆனால் மடிப்பில் வெடிக்கும், பி.யூ. துணிக்கான தையல் டேப் (ஊசி ஓட்டையை அடைக்க உள்பக்கம் தையல் மேல் இஸ்திரி போட்டு ஒட்டும் பட்டை) அதில் ஒட்டாது.

‘மூச்சுவிடும்’ துணிக்குக் கூடுதல் காசு கொடுப்பதைச் சென்னையில் யோசித்துச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் வியர்வை ஆவி வெளியேற, வெளிக்காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். மழை நாளில் இங்கே வெளிக்காற்றே ஈரமும் புழுக்கமுமாக இருப்பதால் அந்தத் துணி தன் வேலையில் பாதியைக்கூடச் செய்யாது. அந்தக் காசுக்கு முதுகில் ஒரு காற்றுவழி வைக்கலாம். தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே குறுக்காகத் துணியை வெட்டி, திறப்பில் நெட் துணி கொடுத்து, அதன் மேல் 8 செ.மீ. தொங்கும் மடல் வையுங்கள். மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஓடு வேய்ந்தது போலக் கவிழ்ந்திருக்க வேண்டும். மாற்றித் தைத்தால் முதுகில் தண்ணீர் தொட்டிதான்.

நடுத்தர உடம்புக்கு 58 அங்குல அகலத் துணியில் கோட்டுக்கு இரண்டேகால் மீட்டர், பேண்ட்டுக்கு ஒன்றரை மீட்டர் வேண்டும். சட்டை அளவையே எடுத்து வெட்டாதீர்கள். மார்புச் சுற்றளவோடு 20 முதல் 25 செ.மீ., கைநீளத்தோடு 6 செ.மீ., முதுகு நீளத்தோடு 8 செ.மீ. கூட்டுங்கள். உட்கார்ந்து முழங்கால் மடக்கினால் பேண்ட் மேலே ஏறும். அதன் நீளத்தில் 10 செ.மீ. கூடுதல் வேண்டும். முதலில் பழைய பெட்ஷீட்டில் வெட்டித் தைத்து, அதை மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். காரணம் எளிது: இந்தத் துணியில் தையலைப் பிரித்தால் ஓட்டை மூடாது.

அதே காரணத்தால்தான் குண்டூசியும் ஆகாது. துணி காயப்போடும் கிளிப்பே போதும். குத்தியே ஆகவேண்டுமென்றால் மார்ஜினுக்குள், அதாவது தையலுக்கு வெளியே விடும் ஓரத்தில் மட்டும் குத்துங்கள். மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர் புது ஊசி, கனத்த துணிக்கு 14. வீட்டு மிஷினில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் மழுங்கிய 16-ஆம் நம்பரோடு ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. நெருக்கமாகப் போட்டால் உறுதி என்று 2 மி.மீ. வைத்தால், தபால்தலை ஓரம் போல அந்த வரியிலேயே துணி கிழியும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சி உள்ளே கடத்தும், நாளடைவில் இற்றும் போகும். பூச்சுப் பக்கம் மிஷின் ஃபுட்டில் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தில்) ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் மேலே பட்டர் பேப்பர் கீற்று வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் சுற்றுத் தையல்) வேண்டவே வேண்டாம். பூச்சுள்ள துணி அவ்வளவாகப் பிரியாது. ஓவர்லாக் தடிப்பின் மேல் டேப் படியாது.

வேலையின் பாதி, தையலை அடைப்பதுதான். பலர் கோட்டை முழுதும் தைத்து முடித்துவிட்டுப் பிறகு டேப் ஒட்டலாம் என்று வைக்கிறார்கள். கோட்டின் கை குழாயாக மூடியபின் இஸ்திரிப்பெட்டி உள்ளே போகாது. தோள் தையலைப் போட்டு டேப் ஒட்டுங்கள். பிறகு கையைத் தட்டையாகவே தோளோடு இணைத்து, அதற்கும் ஒட்டுங்கள். கடைசியாகப் பக்கவாட்டையும் கையின் அடித்தையலையும் ஒரே ஓட்டமாக முடிக்கவேண்டும். இந்தக் கடைசித் தையலுக்குச் சுருட்டிய துண்டைக் கைக்குள் நுழைத்து அதன் மேல் தேயுங்கள். 20 மி.மீ. டேப்புக்கு மார்ஜினை 6 மி.மீ.க்கு வெட்டி ஒரு பக்கமாகப் படியவைத்தால்தான் டேப்பின் இரு ஓரமும் துணியைத் தொடும். சூட்டைக் குறைந்த புள்ளியில் தொடங்கி, கழிவுத் துண்டில் சோதித்துவிட்டு, பருத்தித் துணி மேலே போட்டு ஒவ்வோர் இடத்திலும் பத்து நொடி அழுத்துங்கள். ஆறும்வரை இழுக்காதீர்கள். அக்குளில் தையல்கள் குறுக்கிடும் இடத்தில் ஒரு சிறு வட்டத் துண்டு டேப் கூடுதலாக வேண்டும். அதிகம் ஒழுகும் இடங்களில் அது ஒன்று.

டேப் எவ்வளவு தேய்த்தும் உரிந்து வருகிறதா? துணி சிலிக்கான் பூச்சாக இருக்கும். செல்லோ டேப்பை ஒட்டிப் பாருங்கள்: பி.யூ.வில் ஒட்டும், சிலிக்கானில் ஒட்டாது. அதற்கு சிலிக்கான் சீலன்ட்டை (இடுக்குகளை அடைக்கும் பசை) மினரல் டர்பன்டைனில் (பெயின்ட் கரைக்கும் திரவம்) தளரக் கரைத்து, தையல் வரியில் பிரஷ்ஷால் பூசி ஒரு நாள் காயவிடவேண்டும். அடுப்பு பக்கத்தில் இருக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பேண்ட்டில் கவட்டைதான் வில்லன். நாலு தையல் ஒரே புள்ளியில் சேரும், வண்டியில் உட்கார்ந்தால் மடியில் தேங்கும் தண்ணீரும் அங்கேயே நிற்கும். சுமார் 12 செ.மீ. பக்கமுள்ள சதுரத் துண்டைச் சாய்சதுரமாக அங்கே வைத்துத் தைத்தால் தையல்கள் தொடைப் பக்கம் விலகிவிடும்.

ஜிப்பை நம்பாதீர்கள், ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று சொல்லி விற்றாலும். அதன் மேல் 5 செ.மீ. மடலும் வெல்க்ரோவும் வேண்டும். உள் லைனிங்குக்குப் பருத்தி போட்டால் கீழ் ஓரத்திலிருந்து ஈரம் இடுப்புவரை ஏறும். பாலியஸ்டர் நெட் போட்டு, அதையும் ஓரத்துக்கு 3 செ.மீ. மேலேயே நிறுத்துங்கள். ஹெல்மெட் போடுபவருக்குக் கோட்டோடு சேர்ந்த குல்லா தேவையில்லை, அது பின்னால் தொங்கித் தண்ணீர் பிடிக்கும். உயரக் காலர் போதும். காற்றில் பறக்கும் போன்ச்சோவும் (போர்வை போன்ற கையில்லா மழையங்கி) நீண்ட நாடாவும் சக்கரத்தில் சிக்கும். கறுப்புத் துணி மழை இரவில் பின்னால் வரும் பேருந்துக்குத் தெரியாது. முதுகிலும் இரு கையிலும் 5 செ.மீ. ரிஃப்ளெக்டர் பட்டை தையுங்கள். இதற்கும் ஊசி ஓட்டை விழும், உள்பக்கம் அடைக்க மறக்காதீர்கள்.

மழைக்குக் காத்திராமல் சோதிக்கலாம். கோட்டின் கையை உள்வெளியாகத் திருப்பி, மணிக்கட்டு முனையை இறுக்கக் கட்டி, ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். துளிர்க்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, காய்ந்தபின் மறுபடி டேப் ஒட்டுங்கள். பயன்படுத்திய கோட்டை ஈரத்தோடு சுருட்டி ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் போட்டு வைத்தால், அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் பி.யூ. பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். அப்படி உரிந்த துணியை எந்த டேப்பாலும் மீட்க முடியாது.