கையால் நூற்ற நூல் மீந்திருக்கிறதா? பின்னும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

தக்ளியிலோ ராட்டையிலோ கம்பளி நூற்பவர்கள் வீட்டில் ஒரு பை கண்டிப்பாக இருக்கும். ஸ்வெட்டர் முடிந்து மீந்த 20 கிராம், நூற்கப் பழகிய காலத்தில் தடியும் மெலிசுமாக வந்த ஒரு சிட்டம் (வளையமாகச் சுற்றிய நூல்), நீலகிரி ஆட்டுக் கம்பளி கொஞ்சம் கிடைத்தபோது நூற்றுப் பார்த்த சின்னக் கண்டு என்று அதில் எல்லாம் கிடக்கும். தூக்கிப் போட மனம் வராது, உட்கார்ந்து நூற்றதாயிற்றே. சரி, சின்னதாக ஏதாவது பின்னலாம் என்று எடுக்கும்போதுதான் சிக்கல். கடை நூலில் எத்தனை மீட்டர், எந்த ஊசி, எப்படித் துவைப்பது என்று லேபிளிலேயே போட்டிருப்பார்கள். இந்தப் பைக்குள் இருப்பதற்கு லேபிளே கிடையாது.

அதனால் டிசைனை முதலில் பிடித்துக்கொண்டு, அதற்கு நூலைத் தேடுவதுதான் பெரிய தவறு. கையில் எவ்வளவு நூல் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கண் மதிப்பை நம்பாதீர்கள். தளர்வாகச் சுற்றிய கண்டு பெரிதாகத் தெரியும், இறுக்கிச் சுற்றியது சின்னதாகத் தெரியும். 10 மீட்டர் அளந்து தனியாகச் சுற்றி நிறுத்துப் பாருங்கள். அது 5 கிராம் என்றால், மொத்தம் 30 கிராம் உள்ள கண்டில் சுமார் 60 மீட்டர் இருக்கிறது. ஒரு மீட்டரை மட்டும் நிறுத்துக் கணக்குப் போடக்கூடாது. கைநூற்பில் ஓரிடம் தடியாகவும் ஓரிடம் மெலிசாகவும் இருப்பதால் கணக்கு எங்கேயோ போய்விடும். சமையலறைத் தராசு பரவாயில்லை, ஒரு கிராமுக்குக் கீழேயும் காட்டும் குட்டித் தராசு இருந்தால் இன்னும் நல்லது.

கையுறை, காலுறை மாதிரி ஜோடியாகப் பின்னுவது என்றால், ஊசியைத் தொடுமுன்பே நூலை எடைபோட்டு இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றை முடித்துவிட்டு ‘மிச்சம் போதும்’ என்று அடுத்ததைத் தொடங்குபவர்களிடம் கடைசியில் ஒற்றைக் கையுறைதான் தேறும்.

நூல் போதுமா என்ற கவலையே இல்லாத வடிவம் ஒன்று உண்டு. மூலையில் தொடங்கும் சதுரம்தான் அது. இரண்டு கண்ணிகளில் (ஊசியில் நிற்கும் வளையங்களில்) ஆரம்பித்து, ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போக வேண்டும். 22 கிராம் நூல் என்றால், தராசு 12 கிராம் மிச்சம் என்று காட்டும்போதே கூட்டுவதை நிறுத்திவிட்டு, அதே முறையில் ஒவ்வொன்றாகக் குறைக்கத் தொடங்கலாம். பாதி 11தானே என்பீர்கள். அந்த ஒரு கிராம் கைகாவலுக்கு. இதில் முடிக்கும் இடத்தில் ஓரிரு கண்ணிதான் நிற்கும். நேராகப் பின்னும் துண்டில் அப்படி முடியாது, கண்ணிகளை மூடவே அகலத்தைப் போல நான்கு மடங்கு நூலை ஒதுக்கி வைக்க வேண்டும்.

அடுத்தது ஊசி. நூலைப் பென்சிலில் நெருக்காமல், இடைவெளியும் விடாமல் பக்கத்தில் பக்கத்தில் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். கண்டின் மூன்று நான்கு இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள். 11, 12 சுற்று வந்தால் 4 மி.மீ. ஊசியில் தொடங்கிப் பார்க்கலாம். இங்கே இன்னொரு குழி இருக்கிறது. நம்மூர்க் கடைகளில் ஊசிக்குப் பழைய பிரிட்டிஷ் எண்தான். அதில் 8ஆம் நம்பர் என்றால் 4 மி.மீ., எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க டிசைனில் 8 என்று போட்டிருந்தால் அது 5 மி.மீ., அங்கே எண் ஏற ஏற ஊசி தடிக்கும். எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்.

ஒற்றைப் புரி நூலுக்கு, அதாவது ஒரே இழையாக நூற்றதற்கு, ஒரு குணம் உண்டு. முறுக்கு அதிகமாக இருந்தால், ஒரு பக்கம் வழுவழுவென்று வரும் சாதாரணப் பின்னலில் துண்டு முழுக்கச் சாய்ந்துகொண்டே போகும். சதுரம் பின்னினால் சாய்சதுரம் வரும். தண்ணீரில் நனைத்து, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தாலும் அடுத்த சலவையில் திரும்பச் சாயும். பின்னத் தொடங்கும் முன்பே சிட்டத்தை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி, தொங்கவிட்டுக் காயவையுங்கள், முறுக்கு ஓரளவு அடங்கும். அப்படியும் துள்ளும் நூலுக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி மேடு பள்ளமாக வரும் கார்ட்டர் பின்னல்தான் சரி. இரட்டைப் புரியாகச் சமமாக முறுக்கிய நூலில் இந்தத் தொல்லை இல்லை. சீரில்லாத நூலில் ஓட்டை ஓட்டையாக லேஸ் டிசைன் போடுவதும் வீண் வேலை, எது டிசைன், எது நூலின் குறை என்றே தெரியாது.

துண்டு துண்டாக நூல் இருந்தால் முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள். இரு முனைகளையும் இரண்டு அங்குலம் புரி பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஈரமாக்கி, உள்ளங்கைகளுக்கு நடுவே சூடு பறக்கத் தேய்த்தால் கம்பளி தானே ஒட்டிக்கொள்ளும். எச்சிலே போதும் என்பார்கள், அது அவரவர் விருப்பம். பருத்தி நூலுக்கும், மெஷினில் துவைக்கத் தக்கதாகப் பதப்படுத்திய ‘சூப்பர்வாஷ்’ கம்பளிக்கும் இது பலிக்காது.

சூப்பர்வாஷ் நூலையும் சாதாரணக் கம்பளியையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டுப் பின்னுவதும் ஆபத்து. வெந்நீர் பட்டு, கசக்கியும் விட்டால் ஒன்று சுருங்கும், மற்றது அப்படியே நிற்கும், குல்லா அலை அலையாக நெளியும். கையால் சாயம் போட்ட நூல் என்றால், நனைத்த வெள்ளைத் துணியில் கொஞ்ச நேரம் அழுத்திப் பாருங்கள். கறை ஒட்டினால் வெள்ளையோடு சேர்க்க வேண்டாம். மஞ்சள் தூளில் சாயமேற்றியது வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், ஜன்னலோரத்தில் தொங்கும் பொருளுக்கு ஆகாது.

சூடான பாத்திரம் பிடிக்கக் கரித்துணி பின்னுபவர்கள் அக்ரிலிக் கலந்த மிச்ச நூலை அதில் சேர்க்கவே கூடாது. அது சூட்டில் உருகும், கையில் ஒட்டும். தனிக் கம்பளியைக் கெட்டியாகவோ இரண்டு மடிப்பாகவோ பின்னினால் நன்றாகத் தாங்கும். ஈரத்தோடு மட்டும் பிடிக்காதீர்கள், சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும்.

பையில் நெடுநாள் கிடந்த கண்டு என்றால் பின்னும் முன் ஒருமுறை முழுதாகப் பிரித்துச் சுற்றுங்கள். அடிக்கடி அறுந்து அறுந்து வந்தால் பூச்சி அரித்திருக்கிறது. அதை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். நல்ல நூலைத் துவைத்து, நன்றாக உலர்த்தி, எடை, புரி, எந்தக் கம்பளி என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள்.