எட்டுகிறதா? தெரிகிறதா?

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடையின் கட்டிங் டேபிள் 6 அடிக்கு 4 அடி. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் ஒரு லீவுக்கு, ‘வார்ஹம்மர் 40,000’ என்ற, மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டின் பொம்மைகளோடு வந்து, “அத்தை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் டேபிளைக் கொடுங்க” என்றான். ஆட்டத்துக்கு வேண்டிய இடம் 60 இன்ச்சுக்கு 44 இன்ச். பொருத்தமாக அமைந்துவிட்டது. அளக்க என் இன்ச் டேப்பைக் கேட்டான். இரண்டாவது வாரமே நானும் ஒரு படையோடு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது தெருவிலிருந்து இன்னும் இரண்டு பையன்கள் வருகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான்: யாரைச் சுடலாம், யாரைச் சுட முடியாது. அவர்களுக்கு நான் சொல்லித் தருவதை அப்படியே எழுதுகிறேன். 2023-இல் வந்த 10-ஆம் பதிப்பின் விதிகளை வைத்துத்தான் நாங்கள் ஆடுகிறோம்.

குன்னூர் டால்பின் நோஸில் நின்றால் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் கேத்தரின் அருவி தெரியும். பக்கத்தில் இருப்பது போலத்தான் இருக்கும். போய்ச் சேர வேண்டுமென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு அரவேணு வரை வர வேண்டும். அதே இடத்தில் மேகம் இறங்கிவிட்டால், பத்தடி தள்ளி நின்று பேசுகிறவரின் குரல் கேட்கும், ஆள் தெரியமாட்டார். தெரிவது வேறு, எட்டுவது வேறு. பொதுவாகச் சுடுவதற்கு இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே பார்வையில் தீர்மானிக்கப் போகும்போதுதான் சண்டை வருகிறது. தனித்தனியாகக் கேளுங்கள்.

முதலில் எட்டுகிறதா என்று பாருங்கள். பொம்மை நிற்கும் வட்டத் தட்டுக்கு பேஸ் என்று பெயர். சுடுகிறவரின் பேஸ் விளிம்பிலிருந்து எதிரியின் பேஸ் விளிம்பு வரை, எங்கே மிக நெருக்கமோ அங்கே அளக்க வேண்டும். துப்பாக்கி நுனியிலிருந்து அளக்கக் கூடாது. என் அண்ணன் மகன் ஆரம்பத்தில் நுனியிலிருந்துதான் அளந்தான். துப்பாக்கியை முன்னால் நீட்டி நிற்கும் பொம்மைக்கு அரை இன்ச் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. பேஸ் இல்லாத டாங்கி போன்றவற்றுக்கு அதன் உடம்பிலிருந்து அளவு.

போல்ட்கன் என்ற துப்பாக்கிக்கு ரேஞ்ச், அதாவது எட்டும் தூரம், 24 இன்ச். விளிம்புக்கு விளிம்பு சரியாக 24 வந்தாலும் எட்டுகிறது என்றே அர்த்தம். ‘ரேபிட் ஃபயர்’ என்று எழுதியிருக்கும் ஆயுதத்துக்குப் பாதித் தூரத்துக்குள், அதாவது 12 இன்ச்சுக்குள், கூடுதல் குண்டு உண்டு. அதனால் 24-ஐ மட்டும் பார்த்து டேப்பைச் சுருட்டிவிடாதீர்கள். அளவு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அதற்குத் தடை இல்லை. நகர்த்துவதற்கு முன்பே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் வந்தால் கவனம். எங்கள் ஆட்டத்தில் தேயிலைத் தூள் டப்பாக்கள்தான் கட்டடம். 6 இன்ச் டப்பாவின் மேல் ஒரு வீரன். கீழே தரையில், நேர் மட்டத்தில் 11 இன்ச் தள்ளி எதிரி. கையில் இருப்பது 12 இன்ச் எட்டும் ஃப்ளேமர், அதாவது நெருப்பை உமிழும் துப்பாக்கி. மேலேயிருந்து குனிந்து பார்த்தால் எட்டும் என்றுதான் தோன்றும். டேப்பைச் சாய்வாகப் பிடித்தால் பன்னிரண்டரை வரும். எட்டாது. சாய்வுத் தூரம்தான் கணக்கு.

டேப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் தொழில். வருடக்கணக்கில் இழுத்த துணி டேப் நீண்டுபோகும். என் பழைய டேப்பை ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தபோது, உண்மையில் 24¼ இன்ச் இருக்கும் இடத்தை அது 24 என்று காட்டியது. சுடுகிறவருக்குக் கால் இன்ச் லாபம். அதை ஆட்டத்துக்கு எடுப்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே ஸ்டீல் டேப்பைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது, தெரிகிறதா. உங்கள் உயரத்திலிருந்து பார்க்காதீர்கள். குனிந்து, சுடுகிற பொம்மைக்குப் பின்னால் கண்ணை வையுங்கள். அதன் எந்தப் பகுதியிலிருந்தாவது எதிரிப் பொம்மையின் ஏதாவது ஒரு பகுதி தெரிந்தால் போதும், தெரிகிறது என்று பொருள். பேஸும் பொம்மையின் பகுதிதான். சந்தேகமாக இருந்தால் ஒரு தையல் நூலை இங்கிருந்து அங்கே விறைப்பாகப் பிடியுங்கள். டப்பாவின் மூலையில் நூல் மடங்கினால் அந்தக் கோட்டில் பார்வை இல்லை. வேறு பகுதியிலிருந்து பிடித்துப் பாருங்கள். ஒரே குழுவாக ஆடும் பொம்மைகளுக்கு யூனிட் என்று பெயர். ஒரு யூனிட்டின் ஆள் தன் சொந்த யூனிட் ஆட்களை ஊடுருவிப் பார்க்கலாம், அவர்கள் மறைப்பதாகக் கொள்ள வேண்டாம்.

இடிபாடுகளுக்குத் தனி விதி, இதில்தான் எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்தது. ஓர் இடிந்த கட்டடத்தின் தரைப் பரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்பவரை, ஜன்னல் ஓட்டை வழியாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், சுட முடியாது. கட்டடம் வானம் வரை உயர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிற்பவரை வெளியிலிருந்து வழக்கம்போலப் பார்க்கலாம். முழுதாக உள்ளே நிற்பவரும் வெளியே வழக்கம்போலப் பார்க்கலாம். பேஸின் ஓரம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது ‘முழுதாக’ ஆகாது. விமானங்களுக்கும் மிக உயரமான சில பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. தரைப் பரப்பு எதுவரை என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். நான் ஒவ்வொரு டப்பாவுக்கு அடியிலும் ஒரு துண்டு கேன்வாஸ் வெட்டிப் போட்டிருக்கிறேன். துணியின் ஓரம்தான் எல்லை. அதற்குப் பிறகு தகராறு பாதியாகக் குறைந்தது.

அப்புறம், இந்த இரண்டு கேள்விகளையும் யூனிட்டுக்கு மொத்தமாகக் கேட்காமல், சுடும் ஒவ்வொரு பொம்மைக்கும் கேட்க வேண்டும். ஐந்து பேரில் இரண்டு பேருக்குத்தான் எதிரி தெரிகிறான், எட்டுகிறான் என்றால் அந்த இரண்டு பேர் மட்டும் சுடுவார்கள். எதிர்ப் பக்கத்தில் யூனிட்டின் ஒரே ஓர் ஆள் தெரிந்து, எட்டினாலும் போதும், குறி அந்த முழு யூனிட்டின் மேல்தான். அதனால் மறைவில் நிற்கும் ஆள்கூட விழலாம். எந்த ஆள் விழுவது என்பதை அவனுடைய ஆட்டக்காரர் தேர்ந்தெடுப்பார். ஏற்கெனவே அடிபட்ட ஆள் இருந்தால் அவன்தான் முதலில். இது புதியவர்களுக்கு அநியாயமாகப் படும். தெருப்பையன் ஒருவன் கோபித்துக்கொண்டு பகடையைக் கீழே வைத்துவிட்டான். ஒரு கூட்டத்தை நோக்கிச் சுடுகிறோம், ஓர் ஆளைக் குறிபார்த்து அல்ல என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டான்.

குண்டு படுகிறதா என்று பகடை உருட்டும் முன், சுடும் யூனிட்டின் எல்லா ஆயுதங்களுக்கும் குறியைச் சொல்லிவிட வேண்டும். “இந்த மூன்று பேர் அந்த யூனிட்டை, இவன் டாங்கியை” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் குண்டுகளில் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் விழுந்துவிட்டாலும், ஏற்கெனவே சொன்ன மீதிக் குண்டுகள் செல்லும். குறியை நடுவில் மாற்ற முடியாது.

சில யூனிட்டுகளை எட்டினாலும் தெரிந்தாலும் சுட முடியாது. உங்கள் ஆட்களோடு கைகலப்பில் இருக்கும் எதிரி அப்படி. எதிரி பெரிய வாகனமோ மிருகமோ ஆனால் மட்டும் விலக்கு. ‘லோன் ஆபரேட்டிவ்’ என்று குறிப்பிட்டிருக்கும் தனி ஆளை 12 இன்ச்சுக்குள் நிற்பவர் மட்டுமே சுடலாம். அவனுக்காகத் தனியாக அளந்துகொள்ளுங்கள்.

ஸ்னூக்கருக்கு விதிகளை எழுதி 1880-களில் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். அதைக் கேட்டதிலிருந்து நானும் மாட்டுகிறேன். நாங்கள் பேசித் தீர்த்த ஒவ்வொரு சந்தேகமும், தேதியோடு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி மெஷினுக்கு மேலே தொங்குகிறது. நூல் பிடித்தும் தீராதது எதுவோ அதற்கு ஆளுக்கு ஒரு பகடை, பெரிய எண் சொன்னதே முடிவு. ஆட்டம் முடிந்து டீ போடும்போது விதியைத் தேடிப் படித்து, சரியானதைத் தாளில் ஏற்றுவோம். சென்ற வாரம் ஏறியது கேன்வாஸ் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பேஸ் பற்றியது.