இந்த மில்லிசெக்கன் யாருக்கு? 4ஜி டவரின் பங்கீட்டை எக்செலில் செய்து பார்ப்போம்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. காலி வீதியைப் பார்த்த பல்கனியில் அக்கா, பின்னறையில் தம்பி. இருவருக்கும் ஒரே டவர்தான்.

டவர் பங்கிடும் அலைவரிசைத் துண்டுக்கு ரிசோர்ஸ் ப்ளொக் என்று பெயர். ஒரு ப்ளொக்கின் அகலம் 180 கிலோஹேர்ட்ஸ். 20 மெகாஹேர்ட்ஸ் இருந்தால் 100 ப்ளொக். ஒவ்வொரு மில்லிசெக்கனும் புதிதாகப் பங்கு பிரிக்கலாம். நாம் கணக்கை எளிதாக்க, ஒரு மில்லிசெக்கன் முழுவதையும் ஒருவருக்கே கொடுப்போம்.

அடுத்தது சிக்னல் நிலை. போன் அதை 0 முதல் 15 வரையான சீ.கியூ.ஐ. எண்ணாக டவருக்குச் சொல்லும். அக்காவுக்கு 15, அதாவது ஒரு சிம்பலுக்கு (டவர் ஒரு தடவை அனுப்பும் சைகைக்கு) 5.55 பிட். தம்பிக்கு 4, வெறும் 0.60 பிட்.

எப்போதும் அக்காவுக்கே கொடுத்தால் மொத்த வேகம் உச்சத்தில் நிற்கும், தம்பிக்கு ஒன்றுமில்லை. அதைத் திறமையான பங்கீடு என்று நான் சொல்ல மாட்டேன். மாறி மாறிக் கொடுத்தால் இருவருக்கும் கிடைக்கும், ஆனால் சிக்னலைப் பற்றிக் கவலையே இல்லை.

சரி, இப்போது எக்செலைத் திறவுங்கள். ஒரு வரிசை ஒரு மில்லிசெக்கன். இருவருக்கும் தனித்தனியே, இப்போதைய வேகத்தை (மேலே சொன்ன பிட் எண்ணை) இதுவரை கிடைத்த சராசரியால் வகுங்கள். விடை யாருக்குப் பெரிதோ, அவருக்கே இந்த முறை. அக்காவின் சராசரி 4.0 என்றால் 5.55 ÷ 4.0 = 1.39. தம்பியின் சராசரி 0.4 என்றால் 0.60 ÷ 0.4 = 1.5. தம்பிக்குப் போகிறது!

அப்புறம் சராசரியைப் புதுப்பியுங்கள்: பழையதில் பத்தில் ஒன்பது பங்கு, இப்போது கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு. தம்பிக்கு 0.42, ஒன்றும் கிடைக்காத அக்காவுக்கு 3.6. அடுத்த வரிசையில் தம்பி 1.43, அக்கா 1.54. முறை அக்காவிடம் வந்துவிட்டது.

இப்படியே கீழே இழுத்துக்கொண்டு போனால், ஏறத்தாழப் பாதிப் பாதி நேரம்தானே, மாறி மாறிக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். சிக்னல் அசையாமல் இருந்தால் வித்தியாசம் இல்லைதான். தம்பியை அறையிலிருந்து இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுங்கள்: அவருடைய வேகத்தை 0.23, 0.60, 1.18 என்று எழுமாற்றாக மாறவிடுங்கள். சூத்திரம் பெரும்பாலும் 1.18 வரும் வரிசைகளைப் பிடித்து அவருக்குக் கொடுக்கும். அக்காவின் பங்கில் பெரிதாகக் கைவைக்காமலே தம்பியின் வேகம் ஏறும்.

சராசரியைப் புதுப்பிக்கும்போது பத்தில் ஒரு பங்குக்குப் பதில் நூறில் ஒரு பங்கு (பழையதில் நூறில் 99) போட்டால், சூத்திரம் நல்ல நேரத்துக்காக இன்னும் பொறுமையாகக் காத்திருக்கும். டவுன்லோடுக்கு அது நல்லது. போனில் பேசிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு ஆகாது. அதனால்தான் 4ஜியில் குரல் அழைப்புக்குத் தனி முன்னுரிமை வைத்திருக்கிறார்கள்.