அச்சுப்பொறிக்கு நிலையான ஐபி முகவரி அமைப்பது எப்படி?

நேற்று வரை ஒழுங்காக அச்சிட்ட வலையமைப்பு அச்சுப்பொறி, மின்தடைக்குப் பிறகு கணினியில் "ஆஃப்லைன்" என்று காட்டினால், பல நேரங்களில் பழுது அச்சுப்பொறியில் இருப்பதில்லை. அதன் முகவரிதான் மாறியிருக்கும். ரவுட்டரில் இயங்கும் டிஎச்சிபி சேவை, ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே வழங்குகிறது. அது மாறிய பின்னும் கணினி பழைய எண்ணுக்கே ஆவணங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்க, அச்சுப்பொறிக்கு மாறாத முகவரி ஒன்றை அளிக்க வேண்டும்.

படி 1: அச்சுப்பொறியின் அமைப்புப் பட்டியலிலிருந்து (மெனு) வலையமைப்பு விவரப் பக்கத்தை அச்சிட்டு, அதிலுள்ள ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டும் எண்), கேட்வே (ரவுட்டரின் முகவரி) ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை என்று பொருள்; முதலில் கேபிளையோ வைஃபை இணைப்பையோ சரிசெய்யுங்கள்.

படி 2: புதிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அவசரம் கூடாத இடம் இதுதான். கேட்வே முகவரியை உலாவியில் இட்டு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி வழங்கும் எண்களின் வரம்பைப் பாருங்கள். அது 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்றால், அதற்கு வெளியே 192.168.1.50 போன்ற ஒன்றை எடுக்கலாம். வரம்புக்குள் எடுத்தால், அதே எண்ணை ரவுட்டர் ஒருநாள் வேறொரு கைபேசிக்கும் கொடுத்துவிட, இரண்டு கருவிகளும் மோதிக்கொள்ளும். மாஸ்க் 255.255.255.0 எனில் முதல் மூன்று பகுதிகள் கேட்வேயில் உள்ளவாறே இருக்க வேண்டும். கடைசிப் பகுதியில் 0, 255, கேட்வேயின் எண் ஆகியவை கூடாது. தேர்ந்த எண்ணுக்குக் கணினியிலிருந்து பிங் கட்டளை (ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்ப்பது) அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால் அது வேறொன்றின் பயன்பாட்டில் உள்ளது. பதில் வராததை மட்டும் நம்பிவிடாதீர்கள், ஏனெனில் அணைத்து வைத்த கருவி பதில் தராது.

படி 3: அச்சுப்பொறியின் தற்போதைய முகவரியை உலாவியில் இட்டு, அதன் வலையமைப்புப் பகுதியில் தானியங்கி முறையைக் கைமுறைக்கு மாற்றி, புதிய முகவரி, மாஸ்க், கேட்வே மூன்றையும் உள்ளிட்டுச் சேமியுங்கள். சேமித்தவுடன் பக்கம் நின்றுவிடுவது இயல்பே. புதிய முகவரியில் அது மீண்டும் திறக்கும்.

படி 4: விண்டோஸ் கணினியில் அச்சுப்பொறியின் பண்புகளைத் திறந்து, போர்ட் பகுதியில் (ஆவணங்கள் எங்கே போக வேண்டும் என்று குறிக்கும் இடம்) புதிய டிசிபி/ஐபி போர்ட் ஒன்றை அந்த முகவரியுடன் சேர்த்து, சோதனைப் பக்கம் அச்சிடுங்கள்.

ரவுட்டரில் முகவரியை ஒதுக்கிவைக்கும் வசதி இருந்தால், மூன்றாம் படிக்குப் பதிலாக நான் அதையே பரிந்துரைப்பேன். விவரப் பக்கத்திலுள்ள மேக் முகவரியுடன் (கருவியின் வன்பொருளுக்கு உரிய அடையாள எண்) நீங்கள் தேர்ந்த எண்ணை ரவுட்டரில் இணைத்துவிட்டு, அச்சுப்பொறியைத் தானியங்கி முறையிலேயே விட்டு, ஒருமுறை அணைத்து இயக்கினால் போதும். எல்லா எண்களும் ஒரே இடத்தில் பதிவாவதால், பின்னாளில் இன்னொரு கருவியைச் சேர்க்கும்போது எது காலி என்று தேட வேண்டியிருக்காது.