அம்மா வீட்டு வைஃபையும் அப்பாவின் எண்ணும்: பெங்களூரு செல்வோருக்கு

டொரொன்டோவிலிருந்து நான் கொண்டுசென்ற மடிக்கணினியில், அல்சூரில் உள்ள எங்கள் வீட்டு வைஃபையின் பெயரே தென்படவில்லை. அக்கம்பக்கத்து இணைப்புகள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன; அம்மாவின் கைபேசியிலோ எங்கள் இணைப்பு தடையின்றி ஓடியது. இரண்டு நாள் கணினியையே குற்றம் சொல்லி, வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவிப் பார்த்தேன். பழுது அங்கே இல்லை.

வைஃபை இயங்கும் அலைவரிசைகளுள் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில், இந்தியாவில் 1 முதல் 13 வரையிலான சேனல்கள், அதாவது எண்ணிட்ட உட்பிரிவுகள், பயன்பாட்டில் உள்ளன. வட அமெரிக்காவில் விற்கப்படும் கணினிகள் பலவும் 11ஆம் சேனலோடு நின்றுவிடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் என்ற மற்றோர் அலைவரிசை வசதியற்ற எங்கள் பழைய ரவுட்டர் தானாக 13ஆம் சேனலுக்கு மாறியிருந்தது. வீட்டு இணைப்பு மட்டும் மறைந்து மற்றவை தெரிந்தால், முதலில் இதையே சந்தேகியுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியில், சேனலை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக மாற்றினால் போதும்.

அந்தப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் அப்பாவுக்கு மட்டுமே தெரியும். அவர் காலமாகி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. ரவுட்டரின் ரீசெட் துளையில் ஊசியை நுழைக்கத் துணியவில்லை. இணைய நிறுவனம் அதில் பதிந்த விவரங்களும் அழிந்தால் அம்மாவுக்கு இருக்கும் இணையமும் போய்விடும். வாடிக்கையாளர் சேவையை அழைத்தால், ஓடிபி அப்பாவின் எண்ணுக்குப் போகும் என்றார்கள். 90 நாள் பயன்படுத்தாத முன்கட்டண சிம் துண்டிக்கப்படலாம். அவருடையதும் அப்படித்தான் போயிருந்தது.

இணைப்பின் பெயரை மாற்றாமல் எதையும் தொட முடியாது என்று இணைய நிறுவனத்தின் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், மறுநாள் அம்மாவின் ஆதார் கேட்டார்கள், மூன்றாம் நாள் அம்மாவே நேரில் வர வேண்டும் என்றார்கள். லிஃப்ட் இல்லாத இரண்டு மாடிகளை, முழங்கால் வலியோடு, எழுபத்து நான்கு வயதில் அவர் ஏறினார். படிவத்தில் அப்பாவின் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று எழுதும்போது பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஈமச்சடங்குக்கு வந்து பன்னிரண்டாம் நாளே திரும்பியவன் நான். அந்த எண் உயிரோடிருந்தபோதே ஓர் ஓடிபியில் முடித்திருக்கக்கூடிய வேலை இது. வீட்டுக்கு வந்த ஊழியர் ஐந்து நிமிடத்தில் சேனலை 6க்கு மாற்றிவிட்டுப் போனார்.

கணினியில் இணையக் கம்பி செருகும் லேன் துளை இல்லாதவர்கள் யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றைக் கொண்டுசெல்லுங்கள். கம்பிவழி இணைப்புக்குச் சேனல் சிக்கல் இல்லை. ரவுட்டரின் அடியில் பெரும்பாலும் கடவுச்சொல் அச்சிட்டிருக்கும் ஒட்டுச்சீட்டைப் படமெடுத்து வையுங்கள், எங்களுடையது தேய்ந்துபோயிருந்தது. மிக முக்கியமாக, அப்பாவும் அம்மாவும் இருக்கும்போதே பக்கத்தில் அமர்ந்து, எந்த இணைப்பு யார் பெயரில், எந்த எண்ணில் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்பதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது, அதனால்தான் போன முறை கேட்காமலே விமானம் ஏறினேன்.