கல்லாகிப் போன தீன்பை

ஆரையம்பதியில் எங்கள் வளவில் நிற்கும் சிவப்புப் பேட்டுக்கோழி 2 நாளாக இரை எடுக்காமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு குந்தியிருந்தது. கோழிக்கழிச்சல் நோய்தான், இனித் தப்பாது என்றே நினைத்தேன். அம்மம்மா விடியற்காலையில் தின்ற இரை முதலில் சேரும் கழுத்தடித் தீன்பையைத் தடவிப் பார்த்தார். கல் மாதிரி இறுகியிருந்தது. இரவு கழிந்தால் அது வெறுமையாக இருக்க வேண்டும். கயிறு திரிக்க வைத்த தும்பைத் தின்றிருக்கிறது, பாவம்.

இரையை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்தேன். அலகோரம் தேங்காய் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, தீன்பையை மெதுவாகப் பிசைந்துவிட்டேன், நாளுக்கு 4 தரம். தலைகீழாகப் பிடிக்கக் கூடாது, தீன்பையில் இருப்பது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மறுநாள் காலை தீன்பை தளர்ந்திருந்தது. அப்புறம் குழைந்த கஞ்சி. பின்னேரம் அது முற்றத்து மணலைக் கிளறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.