பவர் பிரஸ்ஸில் புதிதாக நிற்கும் வெளிமாநிலத் தொழிலாளருக்கு முதல் மூன்று நாள்

பவர் பிரஸ் என்பது தகட்டை டை என்ற அச்சில் வைத்து, ராம் என்ற கனமான பாகம் மேலிருந்து இறங்கி வெட்டும் அல்லது வளைக்கும் மெஷின். கோவை கணபதி, அம்பத்தூர், ஓசூர் பக்கத்துச் சிறு பிரஸ் ஷாப்களில் டைக்கு முன்னால் நிற்பவர்கள் பலர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். சேஃப்டி டிரெயினிங் கொடுத்ததாக ஃபைலில் அவர்களுடைய கையெழுத்து இருக்கும். அந்தத் தாள் என்ன மொழியில் இருந்தது, வாசித்துக் காட்டியது யார் என்று கேட்டால் பதில் வராது. கையெழுத்து விரலைக் காப்பாற்றாது. மெஷினை எப்போது, எப்படி நிறுத்துவது என்று அவரே செய்து காட்டினால்தான் டிரெயினிங் முடிந்ததாகக் கொள்ள வேண்டும். இந்தக் குறிப்பு சிறு பட்டறை முதலாளிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும்.

வந்திறங்கிய அன்றே பிரஸ்ஸில் நிறுத்தாதீர்கள். தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ இரண்டு நாள் உட்கார்ந்தே வந்தவருக்குக் கண் தானாக மூடும். முதல் நாள் பேக்கிங், எண்ணிக்கை, பர் (வெட்டு விளிம்பின் பிசிறு) எடுப்பது போன்ற வேலை கொடுங்கள். அன்றைக்கே அவர் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லோரையும் "ஏ பையா" என்று கூப்பிடும் ஷாப்பில், ஆபத்து வரும்போது "பையா!" என்று கத்தினால் நாலு பேர் திரும்புவார்கள், திரும்ப வேண்டியவர் திரும்பமாட்டார்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம், தேவையான சொற்கள் கொஞ்சம்தான். நிறுத்து என்பதற்கு "பந்த்" போதும். ஹிந்தி, ஒடியா, வங்காளம் மூன்றிலும் சிறு உச்சரிப்பு வித்தியாசத்தோடு இதே சொல் இருக்கிறது, நம் ஆட்களுக்கும் கடையடைப்பால் பழக்கமான சொல். "ஹாத் அந்தர் மத் டாலோ" என்றால் கையை உள்ளே விடாதே. ஆனால் பிரஸ் ஓடும்போது சத்தத்தில் எதுவும் காதில் விழாது, இயர் பிளக் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்காகப் பிடித்தால் 'உடனே நிறுத்து' என்று ஒரு சைகையை ஷாப் முழுவதற்கும் முடிவு செய்து, தமிழ் ஆட்களுக்கும் சேர்த்துப் பழக்குங்கள். போர்டு எழுதுவதைவிட, அதே ஊர்க்காரரான பழைய தொழிலாளி ஒருவரை அவர் மொழியில் ஒரு நிமிட வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் பேசச் சொல்லி அனுப்புவது பலன் தரும். எழுத்துக் கூட்டி வாசிக்காதவருக்கும் அது போய்ச் சேரும்.

"புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "டீக் ஹை" என்று தலையாட்டுவார், வேலை போய்விடும் என்ற பயத்தில் எல்லோரும் அப்படித்தான் ஆட்டுவார்கள். "கர்கே திகாவோ", செய்து காட்டு என்று சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் காட்ட வேண்டியது ஃப்ளைவீல், அதாவது மோட்டார் சுற்றிவிடும் கனமான சக்கரம். நம் ஊர்ச் சிறு பிரஸ்களில் பெரும்பாலும் கீ கிளட்ச்தான். பெடலை மிதித்ததும் 'கீ' எனும் சாவி விழுந்து, சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீலோடு, ராமை இயக்கும் ஷாஃப்டைப் பூட்டிவிடும். பூட்டிய பிறகு ஒரு சுற்று முழுதாக முடியும்வரை ராம் நிற்காது. மோட்டாரை ஆஃப் செய்தாலும் ஃப்ளைவீல் வெகுநேரம் சுற்றும், அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால் ராம் கீழே வரும். "ஆஃப் பண்ணிட்டுதானே கையை விட்டேன்" என்று சொல்பவர்கள் எல்லாம் இதில் மாட்டியவர்கள்.

வாயால் சொன்னால் இதை யாரும் நம்புவதில்லை. ஆகவே ஃப்ளைவீல் அசையாமல் நிற்கும்போது டைக்குள் ஓர் அட்டைத்துண்டை வையுங்கள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மோட்டாரை ஓடவிட்டு ஆஃப் செய்யுங்கள். ஐந்து வரை எண்ணி, நீளமான கட்டையால் செட்டர் (டையைப் பொருத்துபவர்) பெடலை அழுத்தட்டும். மோட்டார் சத்தமே இல்லாமல் ராம் இறங்கி அட்டையை வெட்டும். வெட்டுப்பட்ட அட்டையை அவர் கையில் கொடுங்கள். மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

இங்கேயே காசு வீணாகும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கீ கிளட்ச் பிரஸ்ஸுக்கு லைட் கர்ட்டன், அதாவது ஒளிக்கதிரால் ஆன தடுப்பு உணரி, வாங்கி மாட்டுகிறார்கள். கை குறுக்கே வந்ததை அது கண்டுபிடிக்கும், ஆனால் பாதி வழியில் ராமை நிறுத்த அந்த மெஷினால் முடியாது. காற்றழுத்தத்தில் இயங்கும் ஃபிரிக்‌ஷன் கிளட்ச், பிரேக் உள்ள பிரஸ்ஸில்தான் லைட் கர்ட்டன் வேலை செய்யும். அதிலும் தூரக்கணக்கு உண்டு. கை நகரும் வேகத்தை விநாடிக்கு 1,600 மி.மீ. என்று கொள்வார்கள். ராம் நிற்க 0.2 விநாடி ஆகுமென்றால் கர்ட்டன் டையிலிருந்து குறைந்தது 320 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்கும் இரட்டைக் கை பட்டனுக்கும் இதே கணக்குதான். நிமிடத்துக்கு 60 அடி அடிக்கும், ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் சாவி விழும் பிரஸ்ஸில், பட்டனை விட்டதிலிருந்து ராம் கீழே வர மோசமான நிலையில் 1.5 விநாடி ஆகலாம். அதற்குள் கை 2.4 மீட்டர் போய்விடும். பட்டனை அவ்வளவு தள்ளி வைக்கவே முடியாது. ஆகவே கீ கிளட்ச் பிரஸ்ஸுக்குச் சரியான தீர்வு டையைச் சுற்றி நிலையான கார்டுதான், அதாவது கை புகாத தடுப்பு. தகடு நுழையும் இடைவெளி 6 மி.மீ.க்குள் இருந்தால் விரல் போகாது. வேலைத்துண்டை ஒவ்வொன்றாக உள்ளே வைக்கும் வேலைக்கு அது ஒத்துவராது என்றால், வெளியே ஏற்றினால் தானாக உள்ளே சறுக்கும் ஃபீட் அமைப்பும், அடித்ததைக் காற்று ஊதித் தள்ளும் ஏற்பாடும் செய்யுங்கள். காந்தக் குச்சியும் அலுமினிய இடுக்கியும் கார்டுக்குத் துணைதான், கார்டுக்குப் பதில் அல்ல. இடுக்கி அலுமினியமாக இருந்தால் தப்பித் தவறி உள்ளே மாட்டினாலும் டை உடையாது. பெடலுக்கு மேல் மூடி அவசியம், துண்டு விழுந்தாலே மிதித்த மாதிரி ஆகிவிடும்.

மூன்றாம் நாள், செட்டர் பக்கத்திலிருக்க அவர் ஓட்டலாம். காலையில் டை காலியாக இருக்கும்போது பத்து வெற்று அடி. ஒவ்வொரு அடிக்கும் ராம் உச்சியில் வந்து நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உச்சியைத் தாண்டி வழிந்தால் பிரேக் தளர்ந்திருக்கிறது. ஒரு மிதிக்கு இரண்டு அடி விழுந்தால், நம் ஆட்கள் "டபுள் அடிக்குது" என்பார்களே, சாவியோ அதன் ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கும். டபுள் அடித்த பிரஸ்ஸில் அடுத்த பீஸ் ஓடக்கூடாது, "இந்த லாட்டை முடிச்சிடு" என்ற பேச்சே வேண்டாம். விரல் போகும் விபத்துகளில் டபுள் அடிதான் மிகக் கொடியது, ஏனென்றால் அவர் எந்தத் தவறும் செய்யாமலே கை உள்ளே இருக்கும்போது ராம் வருகிறது.

டை மாற்றுவது, சிக்கிய துண்டை எடுப்பது செட்டர் வேலை. மெயினை ஆஃப் செய்து பூட்டி, பூட்டுச் சாவியைப் பையில் போட்டு, ஃப்ளைவீல் நின்றதைக் கண்ணால் பார்த்து, ராமுக்கும் அடியிலுள்ள பெட்டுக்கும் இடையே ராமைத் தாங்கும் சேஃப்டி பிளாக் வைத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

உடை விஷயத்தில் கொஞ்சம் மரியாதை வேண்டும். கழுத்தில் கம்ச்சா துண்டு பெல்ட்டில் சிக்கினால் ஆளையே இழுக்கும், அது லாக்கருக்குப் போகட்டும். மணிக்கட்டில் கட்டிய சிவப்புக் கயிறு பூஜைக் கயிறு. அதைக் கத்தரிக்கச் சொல்லாமல், இறுக்கமான முழுக்கைச் சட்டைக்குள் மறைக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் செய்தும் ஒரு மாதத்தில் கார்டு கழற்றி மூலையில் கிடந்தால் காரணம் பீஸ் ரேட், அதாவது அடித்த எண்ணிக்கைக்குக் கூலி. கார்டு இருந்தால் எண்ணிக்கை குறைகிறது, எண்ணிக்கை குறைந்தால் ஊருக்கு அனுப்பும் பணம் குறைகிறது. தொழிலாளியைத் திட்டிப் பயனில்லை. கார்டோடு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு அடிக்க முடிகிறதோ அதை அளந்து அதையே டார்கெட்டாக வையுங்கள். 12 மணி நேர ஷிப்டுக்கு மேல் டபுள் டூட்டி பிரஸ்ஸில் கூடவே கூடாது. மெஷினை நிறுத்தினால் சம்பளம் பிடிக்கமாட்டோம் என்பதை கான்ட்ராக்டரையும் பக்கத்தில் நிறுத்திச் சொல்லுங்கள். முதன்முறை ஒருவர் தேவையில்லாமல் நிறுத்தினாலும் திட்டாதீர்கள், அன்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையை மொத்த ஷாப்பும் கவனிக்கும்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே முடிய வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். வேலையில் அடிபட்டால் இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, ஓய்வுக் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் பொறுப்பு ஆலைக்கு உண்டு. இ-பெஹ்சான் என்ற இ.எஸ்.ஐ. அடையாள அட்டையின் படம் அவர் மொபைலில் இருக்கட்டும்.

விரல் துண்டானால் சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காயத்தில் மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். துண்டான விரலைச் சுத்தத் தண்ணீரில் மெதுவாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள டப்பாவில் வையுங்கள். நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து வீணாகும். விரலை ஒட்டவைக்கும் அறுவைசிகிச்சை எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, கோவையில் கங்கா மருத்துவமனை போலக் கை அறுவைசிகிச்சைக்குத் தனிப் பிரிவு உள்ள இடம் உங்கள் ஷாப்புக்கு எது அருகில் என்று இன்றே விசாரித்து, போன் எண்ணை பேனலில் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸில் அவர் மொழி பேசும் ஒருவரும் ஏறட்டும். அறுவைசிகிச்சைக்கு முன் டாக்டர் கையெழுத்து கேட்பார், எதற்கு என்று அவருக்குப் புரியும்படி சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும்.